எங்கள் வகுப்புக்கு வந்த மானியம்

ஏப்ரல் 2, 1981

வார்னிஷ் காயவில்லை. நேற்று கோடை மழை. இன்று காலையிலிருந்து மேகம் ஜன்னல் வழியாக வந்து வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. மோட்டாரில் சுற்றிய கம்பிக்கு வார்னிஷ் காயாமல் கரண்ட் கொடுத்தால் புகைதான் வரும். அப்புறம் அத்தனையையும் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டும். மதுரையில் நான் எலெக்ட்ரீசியன் படிப்பு படித்தபோது வெயிலில் வைப்போம், மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். கொடைக்கானலில் வெயிலுக்கு யாரிடம் போய் நிற்பது? கணப்புச் சட்டியில் கரியை மூட்டி, மேலே கம்பிவலை போட்டு, கம்பி சுற்றிய காயிலை அதன்மேல் வைத்து வாட்டுகிறோம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத முறை. என் மாணவி வடிவு சொன்ன யோசனை. வெள்ளகவியில் அவள் வீட்டில் ஈரத்துணியை அப்படித்தான் காயவைப்பார்களாம்.

சாயங்காலம் பரமானந்தம் ஐயா வந்தார். வகுப்பை நடத்தும் எங்கள் சங்கத்துக்குச் செயலாளர், ரிட்டயர்டு வாத்தியார். பெண்பிள்ளைகளுக்கு எலெக்ட்ரிகல் வகுப்பு நடத்த வேண்டும் என்று நான் கேட்டபோது ஊரே சிரித்தது. சிரிக்காதவர் இவர் ஒருத்தர்தான். தன் சொந்தக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார்.

"மேரி டீச்சர், நல்ல சேதி. சர்க்கார் மானியத்துக்கு நம்ம பேரு போயிருக்கு. மே மாசம் அதிகாரி நேர்ல வந்து பாக்குறாராம்."

மானியம் வந்தால் பிள்ளைகளுக்கு மாதாமாதம் உதவித்தொகை. எனக்கு ஒரு சம்பளம். அதெல்லாம் கிடக்கட்டும், வகுப்புக்கு அங்கீகாரம் வரும். பிள்ளைகள் அரசாங்கப் பரீட்சை எழுதலாம், சர்டிபிகேட் வாங்கலாம், கரண்ட் கம்பம் ஏறலாம், கடை வைக்கலாம். என் அம்மாவைப் போல யார் வீட்டுப் பின்வாசலிலும் போய் நிற்க வேண்டாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஏப்ரல் 9

ஏரிக்கரை ஹோட்டல் மேனேஜர் பொன்னுவேல் கூப்பிட்டு அனுப்பினார். அங்கே கீசர், ஹீட்டர், பம்ப் எல்லாம் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஆள் வேண்டுமாம். "பொம்பளையாளுன்னு மொதலாளி யோசிச்சாரு. நான்தான் போன சீசன்ல நீங்க பாத்த வேலையச் சொன்னேன்" என்றார். நல்ல மனிதர்.

பரமானந்தம் ஐயாவிடம் கேட்டேன். "மானியம் வந்தா மொத ஆர்டர் ஒங்க பேருக்குத்தான். இப்பப் போயி விட்டுட்டுப் போறேங்கிறீங்களே" என்றார். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு வெட்கமாகிவிட்டது. பொன்னுவேலிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 17

பெரிய வெள்ளி. வகுப்பு கிடையாது என்று சொல்லியிருந்தும் வடிவு மலையேறி வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். "ஒங்க சாமிக்குத்தானே இன்னைக்கி துக்கம், மோட்டாருக்கு என்ன டீச்சர்?" என்கிறாள். சாவியைக் கொடுத்துவிட்டுக் கோவிலுக்குப் போனேன்.

ஏப்ரல் 28

சீசன் பிடித்துக்கொண்டது. வகுப்பில் பாதி பெஞ்சு காலி. பிள்ளைகள் காட்டேஜ்களில் சுடுதண்ணீர் சுமக்கப் போய்விட்டார்கள். யாரைக் கோபிப்பது? இந்த இரண்டு மாதக் கூலியில்தான் அவர்கள் வீட்டில் வருஷம் ஓடுகிறது.

இந்த அதிகாரி ஆகஸ்டில் வரக்கூடாதா? அப்போது வகுப்பு நிறைந்திருக்கும். ஆனால் ஆகஸ்டில் மழை, குளிர். படகு விட முடியாது, பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்து வர முடியாது. கொடைக்கானலைப் பற்றிய எந்தச் சர்க்கார் சோலியும் மே மாதத்தில்தான் அவசரமாகிறது!

வீடு வீடாகப் போய், ஆய்வு நாளுக்கு மட்டும் பிள்ளைகளை விடும்படி கேட்டுவிட்டு வந்தேன். வடிவு மட்டும் சீசன் வேலைக்குப் போகவில்லை. "மோட்டாரு பாதியில கெடக்கு. அத விட்டுட்டு எங்கிட்டுப் போக?"

மே 8

ஐயாவோடு சின்ன வாக்குவாதம். அதிகாரி குடும்பத்தோடு வருகிறார், ஐயா சீசனுக்கு வாடகைக்கு விடுகிற காட்டேஜில்தான் தங்கப்போகிறார். அங்கே சாப்பாடு பரிமாற, வெந்நீர் வைக்க நம் பிள்ளைகள் நின்றால் நன்றாக இருக்குமாம்.

"அவங்க என்ன வேலைக்காரிகளா ஐயா?"

"விருந்தாளிம்மா. மலையேறி வந்தவுகளுக்கு ஒரு வாய் காப்பி குடுக்குறது வேலைக்காரத்தனமா? நம்ம பிள்ளைக எம்புட்டு ஒழுக்கம்னு அவரும் பாக்கட்டுமே."

இந்த ஊரில் குளிரில் வந்து நிற்கிறவருக்கு முதலில் டம்ளரை நீட்டிவிட்டுத்தான் பேரே கேட்போம். அதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

சொல்லிக் கொடுக்க அம்மா வந்துவிட்டாள். கித்தேரி ஆயா என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு வெள்ளைக்கார மிஷனரி குடும்பத்தில் நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து வேலை செய்தவள். அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு வீட்டில் சும்மா இருக்கிறாள். கம்பி சுற்றுகிற வைண்டிங் மேஜையை விருந்து மேஜை என்று வைத்துக்கொண்டு ஒரே அமர்க்களம். "இடது பக்கமா நின்னு நீட்டணும். மூச்சு விடுறதுகூட கேக்கப்படாது. அவுக கேட்டாத்தான் வாயத் தொறக்கணும்." பிள்ளைகள் சிரித்துச் சிரித்து விழுந்தார்கள். நானும் அதிகாரி மாதிரி உட்கார்ந்து மீசையை முறுக்கினேன்.

மே 13

எங்கே ஆரம்பிப்பது?

காலையில் வருவதாகச் சொன்னவர் ஏரிக்குப் போய்விட்டார். நாங்கள் காத்திருந்தோம். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் மப்ளரும் கையுறையுமாக வந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வடிவு சுற்றிய மோட்டார் மேஜைமேல் தயாராக இருந்தது. நான் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். "எங்க, ஓட்டுங்க பாப்போம்."

வடிவு சுவிட்சைப் போட்டாள். உர்ர்ர் என்றது. சுற்றவில்லை.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தலைக்கு மேலே பல்பு சிவந்த புள்ளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வோல்டேஜே இல்லை. சீசன் சாயங்காலத்தில் எல்லா ஹோட்டலும் கீசரைப் போட்டால் எங்கள் தெருவுக்கு வருவது மிச்சம் மீதிதான். விட்டால் காயில் வெந்துவிடும் என்று சுவிட்சை அணைத்தேன். "சார், கரண்ட் குறைவா இருக்கு, வைண்டிங்ல குறை இல்லை. மீட்டர் வெச்சுக் காட்டறேன்" என்றேன். "பரவாயில்லம்மா. முயற்சி பண்ணியிருக்கீங்க" என்றார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். காலில் செருப்பில்லாத குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

காட்டேஜில் விருந்து மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அதிகாரியின் மனைவி பிள்ளைகள் நடக்கிற நடையையே பார்த்துக்கொண்டிருந்தார். வடிவு என் காதருகில் வந்து, "டீச்சர், இங்கயும் கீசரு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. இவுக குளிக்கத்தான் நம்ம கரண்டு போயிருக்கு" என்றாள். சிரித்துத் தொலைத்தேன். அழவா முடியும்?

மே 14

வெள்ளனே எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஓடியது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

மே 15

அதிகாரி குடும்பம் கிளம்பிப் போயிற்று. போகும்போது அந்த அம்மாள் என் அம்மாவைத் தனியாக அழைத்து வெகுநேரம் பேசினார். ஒரு நீலப் பட்டுப்புடவை கொடுத்திருக்கிறார். என்ன பேசினார் என்று கேட்டால், "சும்மா, சமையல் பக்குவம்" என்கிறாள் அம்மா. புடவையைப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஜூன் 30

ஒரு தகவலும் இல்லை. ஐயா "பொறுங்க, பொறுங்க" என்கிறார். பொறுத்துக்கொண்டிருக்கிறேன். சீசன் முடிந்து பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 20

வந்துவிட்டது! மானியம் வந்துவிட்டது! ஐயா மழையில் குடையும் இல்லாமல் கேக் பொட்டலத்தோடு ஓடி வந்தார். "சாங்ஷன் ஆயிருச்சு டீச்சர்! அடுத்த மாசம் சாமானெல்லாம் வந்து எறங்கும்." பிள்ளைகள் என்னைத் தூக்கிவிட்டார்கள், அந்தத் தடிச்சி அன்னக்கொடி என் விலா எலும்பை முறிக்கப் பார்த்தாள். வடிவு ஓரமாக நின்று கண்ணைத் துடைத்தாள். கேட்டால் கணப்புப் புகையாம்.

புதுச் சாமான் என்னென்ன வரும் என்று எல்லோரும் கூடி யோசித்தோம். நல்ல மீட்டர், வைண்டிங் மெஷின், ஆளுக்கு ஒரு டெஸ்டர். நான் சொல்லச் சொல்ல ஐயா கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "சரி சரி, விடு, அடுப்புல பால் இருக்கு" என்று விலகிப் போனாள். அடுப்பில் பால் இல்லை.

செப்டம்பர் 11

லாரி வந்தது.

வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வந்த லாரி. பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு ஓடினார்கள். தார்ப்பாயை விலக்கினால் இரும்புக் கட்டில். மெத்தை. தலையணை. வெள்ளை விரிப்புக் கட்டு. பீங்கான் கெட்டில். ட்ரே, ட்ரே, ட்ரே.

டிரைவரோடு சண்டைக்குப் போனேன். "இது ஆஸ்பத்திரிக்குப் போற லோடு. எங்களது மோட்டார் சாமான். இடம் மாறி வந்திருக்கீங்க." அந்த மனிதன் திரும்பத் திரும்பச் சொன்னான், "இதே எடந்தாங்கம்மா. பரமானந்தம் ஐயா கொட்டக." நான் விடவில்லை. திருப்பிக்கொண்டு போகச் சொல்லி வழியை மறித்து நின்றேன். பிள்ளைகளும் என் பக்கம் நின்றார்கள். அப்போது ஐயா வந்தார். என்னைப் பார்க்கவில்லை. டிரைவரிடம், "எறக்குங்க. வெரசா எறக்குங்க, மழ வருது" என்றார்.

கட்டிலை வைக்க இடம் வேண்டுமே. வைண்டிங் மேஜையை வெளியே தூக்கி வைத்தார்கள்.

செப்டம்பர் 12

இன்று ஐயாவிடம் போனேன். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

மானியம் வந்தது எலெக்ட்ரிகல் வகுப்புக்கு இல்லை. விடுதிப் பராமரிப்புப் பயிற்சிக்காம். படுக்கை விரிக்க, அறை துடைக்க, பரிமாற. இந்த மலைப் பெண்களுக்கு அதில்தான் இயல்பான திறமை இருக்கிறது, மின்சார வேலை அவர்களுக்கு ஒத்துவராது என்று அதிகாரி எழுதிவிட்டார். இயல்பான திறமை! அம்மா இரண்டு நாளில் மூச்சுப் பிடித்துக் கற்றுக்கொடுத்த திறமை!

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஜூலையிலயே கேட்டுட்டாங்கம்மா. இதுன்னா தர்றோம், இல்லாட்டி ஒண்ணும் கெடையாதுன்னாங்க. நான் என்ன செய்ய?"

"அப்ப கேக் எதுக்கு? நான் மீட்டர் வரும், மெஷின் வரும்னு பைத்தியக்காரி மாதிரி சொல்லிக்கிட்டிருந்தேனே, கேட்டுக்கிட்டே இருந்தீங்களே?"

"ஒங்க சந்தோசத்தக் கெடுக்க மனசு வரல."

மனசு வரவில்லையாம். பிள்ளைகள் செய்முறைப் பயிற்சிக்கு எங்கே போவார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நம்ம காட்டேஜுகதான் பக்கத்துல இருக்கு" என்றார். சர்க்கார் செலவில் அவர் காட்டேஜுக்குச் சம்பளமில்லாத வேலையாட்கள். வருஷா வருஷம். ஊரே சிரித்தபோது சிரிக்காத மனிதர். கொட்டகை கொடுத்த மனிதர். அவர் மோசம் செய்தார் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. எழுதிவிட்டேன். மோசம் செய்தார்.

செப்டம்பர் 13

பூசை முடிந்து வரும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "மேரி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்." அந்தப் பயிற்சிக்கு ஆசிரியை அவள்தானாம். அனுபவம் போதும், படிப்பு வேண்டாமாம். அதிகாரியின் மனைவி மே மாதமே கேட்டாராம், இவள் சரி என்று சொல்லிவிட்டாளாம்.

மே மாதமே. நீலப் புடவை. அடுப்பில் இல்லாத பால்.

நடுரோட்டில் கத்தினேன். கோவிலுக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "இந்த வேலை வேண்டாம்னுதானே நான் வகுப்பே ஆரம்பிச்சேன்! நீ பட்டதைப் பாத்துத்தானே! ஒன் பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட ஒனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

அம்மா கத்தவில்லை. "நான் என்னடி பட்டேன்? நீயா நெனச்சுக்கிட்ட. அந்த வீட்ட நான் வச்சிருந்த மாதிரி எவ வச்சிருப்பா? ஆனா ஒரு நாளு, ஒரு மனுசி, இது ஒரு வித்தைன்னு சொன்னதில்ல. ஆயா, ஆயா. அம்புட்டுத்தான். இப்ப சர்க்காரே டீச்சர்ங்குது. நீ மட்டும்தான் டீச்சரா இருக்கணுமா?"

அவள் கேட்டது நியாயமாகவே இருக்கட்டும், இத்தனை மாதம் ஒரே தட்டில் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டே மறைத்தாளே. அதை மன்னிக்க எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 16

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். உதவித்தொகை இருக்கிறது, மத்தியானச் சாப்பாடு இருக்கிறது, சேர்ந்துவிட்டோம் என்று. அன்னக்கொடி தலையைக் குனிந்துகொண்டே பேசினாள். நான் ஒருத்தியையும் திட்டவில்லை.

வடிவு கடைசியாக வந்தாள். அவளுடைய டெஸ்டரை என் மேஜைமேல் வைத்தாள். பிறகு திரும்ப எடுத்துக்கொண்டாள். "எங்க அய்யா கையெழுத்துப் போட்டுட்டாரு டீச்சர். வீட்டுல தங்கச்சிக இருக்குதுக." போய்விட்டாள்.

செப்டம்பர் 21

ஏரிக்கரை ஹோட்டலுக்குப் போனேன். பொன்னுவேல் காப்பி வாங்கிக் கொடுத்தார். வேலைக்கு வேறு ஆள் மே மாதமே வந்துவிட்டதாம்.

அக்டோபர் 5

இன்று முதல் வகுப்பு. அம்மா நீலப் புடவை கட்டிக்கொண்டு போனாள். அழகாக இருந்தாள், அதுதான் வயிற்றெரிச்சல். "குட் மார்னிங் டீச்சர்" என்று பிள்ளைகள் கோரஸாகச் சொன்னது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன்.

நவம்பர் 18

வீடு வீடாக ரிப்பேருக்குப் போகிறேன். இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், ரேடியோ. மன்னவனூர் ஆண்டிச்சாமி, எங்கள் வகுப்பில் சுற்றிய அவருடைய மோட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு இன்னும் அதுதான் தண்ணீர் இறைக்கிறதாம். "மதுரையில சுத்துனதா டீச்சரம்மா?" என்று கேட்டார். வெள்ளகவிப் பெண் சுற்றியது என்றேன். நம்பவில்லை. வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ் பூசையில் அம்மாவும் நானும் ஒரே பெஞ்சில். பக்கத்திலிருப்பவர் கையைத் தொட்டுச் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவள் கை நீட்டினாள். தொட்டேன். கை ஜில்லென்று இருந்தது.

மே 19, 1982

அதே அதிகாரி, அதே குடும்பம். பயிற்சி நடக்கும் அழகைப் பார்க்க வந்திருக்கிறார்கள். காலையில் பரமானந்தம் ஐயா ஆள் விட்டார். காட்டேஜ் கீசர் போய்விட்டது, சீசனில் வேறு எலெக்ட்ரீசியன் யாரும் கிடைக்கவில்லை. போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் வேலை என்று கூப்பிட்டால் போகிறவள்தானே நான்.

முன்வாசலில் ஒரு புதுப் பெண். வெள்ளை ஏப்ரன், தலையில் வெள்ளைத் துணி. என்னை அவளுக்குத் தெரியவில்லை. "ரிப்பேர்காரவுக பின்வாசல் வழியா வரணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றாள், மரியாதையாகத்தான். சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன்.

குளியலறையில் ஸ்டூல்மேல் ஏறிக் கீசரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரே கறுப்பு. எங்கே தொடங்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ வந்து நிற்பதுபோல் இருந்தது. காலடிச் சத்தம் கேட்கவில்லை. திரும்பினால் வடிவு. இடது பக்கமாக நின்று ட்ரேயை நீட்டிக்கொண்டிருந்தாள். டீ, தனிக் கிண்ணத்தில் சர்க்கரை. அவள் கண் ட்ரேயில் இல்லை, மூடி திறந்த கீசருக்குள் இருந்தது.

"தெர்மோஸ்டாட் டீச்சர்" என்றாள், மூச்சுவிடுகிற மாதிரி. "எலிமெண்ட் நல்லாத்தான் இருக்கு. பாருங்க, அந்த முனை மட்டுந்தான் கருகியிருக்கு."

சரிதான். அதுதான்.

வெளியே நடையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வடிவு, அங்க என்ன பேச்சு? கேட்டாத்தான் வாயத் தொறக்கணும்னு எத்தன தடவ சொல்றது."

வடிவு வாயை மூடிக்கொண்டாள். நான் ஸ்டூலிலிருந்து இறங்கி, "இந்தா, நீயே கழட்டு" என்று டெஸ்டரை அவளிடம் நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு கையாலும் ட்ரேயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழே வைக்கவில்லை.

டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு டீயை எடுத்துக் குடித்தேன். நன்றாக இருந்தது.